காய்தோண்டேயின் காத்திருப்பு

ஓர் ஓவியர் ஆண்டு முழுவதும் உழைத்து ஐந்து அல்லது ஆறு ஓவியங்களை மட்டுமே முடித்தார் என்றால், எஞ்சிய நாள்களில் அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி எழுவது இயல்பு. வாசுதேவ் சந்து காய்தோண்டேயைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. இந்திய அருவ ஓவியர்களுள் முதல் வரிசையில் வைத்து இன்று எண்ணப்படும் அவர் வரைந்தவை, அவர் தலைமுறையைச் சேர்ந்த பிறர் வரைந்தவற்றோடு ஒப்பிட எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவருடைய நண்பர் எம்.எஃப். ஹுசைன் ஆயிரக்கணக்கில் வரைந்து குவித்தவர். காய்தோண்டேயோ, தாம் வேலை செய்வதே இல்லை என்றும், ஓய்வாக அமர்ந்து காத்திருந்துவிட்டுப் பிறகு கொஞ்சம் வண்ணத்தைக் கித்தானில் வைப்பதாகவும் சொல்லிக்கொண்டவர். கேட்பதற்குச் சோம்பேறியின் சாக்கு போலவே இருக்கிறது. அது சாக்கு அன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1924 நவம்பர் 2 அன்று நாகபுரியில் பிறந்தார். பெற்றோர் கோவாவைச் சேர்ந்தவர்கள். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபோது கிர்காவ்ன் பகுதியில், 'சால்' என்று மராட்டியர் சொல்லும் நெருக்கமான வரிசைக் குடியிருப்பு ஒன்றில் அவர்கள் வாழ்ந்தார்கள். ஓவியம் படிக்கப் போகிறேன் என்ற மகனுக்கு வீட்டில் ஆதரவில்லை. தந்தையுடன் ஏற்பட்ட பிணக்கு கடைசிவரை ஆறவில்லை. பிற்காலத்தில் குடும்பத்தாருடன் இருந்த தொடர்பையே அறுத்துக்கொண்டார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. தனிமையைக் கலைஞனின் ஆபரணமாகப் போற்றி எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்தத் தனிமைக்கான விலையை அவர் மட்டுமே கொடுக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் அண்ணனின் செய்தியை எதிர்பார்த்திருந்த தங்கையும் கொடுத்திருப்பார். இதைச் சொல்லாமல் அவருடைய கலையை மட்டும் பேசினால் கணக்கு நேராகாது.

சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து 1948-இல் பட்டயம் பெற்றார். அந்த ஆண்டுகளில் அவர் கவனத்தைக் கவர்ந்தவை பசோலி சிற்றோவியங்களும் சமண ஓவியச் சுவடிகளும். அவற்றில் அவர் செய்த சோதனைதான் அவர் பாதை முழுவதற்கும் வித்து என்பது என் கருத்து. சிற்றோவியத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள உருவங்களை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்தார். கண்ணனும் ராதையும் போனார்கள். மரமும் மாடமும் போயின. எஞ்சியவை வண்ணப் பரப்புகளும், அவற்றுக்கிடையே நின்ற அளவு விகிதங்களும். கதை போன பிறகும் ஓவியம் போகவில்லை என்பதை ஓர் இளைஞன் தன் கண்ணாலேயே கண்டுகொண்ட தருணம் அது. அருவ ஓவியம் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சொல்வோர் இந்தச் சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். பிறகு சுவிஸ் நாட்டில் பிறந்த பால் க்ளேயின் ஓவியங்கள் அவரை ஈர்த்தன. க்ளேயின் கோடு சில ஆண்டுகள் அவர் கையில் குடியிருந்தது. ஆனால் க்ளேயிடம் அவர் வந்து சேர்வதற்கு முன்பே, பசோலி ஓவியன் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தான்.

1947-இல் சூசா, ரஜா, ஹுசைன் முதலியோர் தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழு 1950 வாக்கில் அவரையும் அழைத்துக்கொண்டது. சேர்ந்தார், ஆனால் எந்தக் குழுவிலும் அவர் மனம் ஒட்டவில்லை. 1957-இல் டோக்கியோவில் நடந்த இளம் ஆசிய ஓவியர் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றார். உருவங்கள் அவர் ஓவியங்களிலிருந்து அறவே விடைபெற்றதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஒரு முகமோ ஒரு மரமோ அவர் கித்தானுக்குத் திரும்பி வரவில்லை.

பம்பாயின் வார்டன் சாலையில், கடலை ஒட்டி, பூலாபாய் தேசாய் நினைவு நிலையம் என்ற ஓர் இடம் அப்போது இருந்தது. மிகக் குறைந்த வாடகையில் கலைஞர்களுக்கு அறைகள் கிடைத்த இடம் அது. ரவிசங்கர் அங்கே இசை கற்பித்தார்; அல்காஜி நாடகம் பயிற்றுவித்தார்; ஹுசைன் வரைந்தார். அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே காய்தோண்டேக்கும் ஓர் அறை. அங்கே அவர் மணிக்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார் என்று நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அக்காலத்து ஓவியங்களில் கிடைமட்டமாகப் படரும் மங்கலான பட்டைகளும், எங்கோ ஒரு தொடுவானம் இருப்பது போன்ற உணர்வும் உண்டு. அவற்றைக் கடற்காட்சிகள் என்று சொல்லிவிடலாமா என்றால் கூடாது. கடல் அவருக்குக் காட்சிப் பொருளாக உதவியதைவிட, பார்ப்பதற்கான பயிற்சிப் பொருளாகவே உதவியிருக்க வேண்டும். அலை ஒவ்வொன்றும் வேறு, பரப்பு ஒன்றே. அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பது பிடிபடும். தம் ஓவியங்களை அருவம் என்று அழைப்பதையும் அவர் விரும்பவில்லை. பொருள்சாராதவை என்றே சொல்வார். அருவம் என்றால் ஏதோ ஓர் உருவத்திலிருந்து பிழிந்து எடுத்தது என்று ஆகிவிடுகிறது. அவரோ எந்த உருவத்திலிருந்தும் தொடங்கவில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்கினார்? அவருடைய பணியறைக்குள் நுழைந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். மாதிரிப் படம் கிடையாது, முன்வரைவு கிடையாது. வெண்ணிறத் தளம் பூசிய கித்தான் ஒன்று. எதிரே நாற்காலியில் அவர். முதல் வண்ணம் எது என்று மனத்துக்குத் தோன்றும்வரை அமர்ந்திருப்பார். அது ஒரு நாளாகவும் இருக்கும், பல நாளாகவும் இருக்கும். தோன்றியபின் அவர் கையில் எடுப்பது பெரும்பாலும் தூரிகையாக இராது. வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் உருளை, வண்ணத்தைக் குழைக்கவும் வழிக்கவும் உதவும் தட்டைக் கத்தி, இவை இரண்டுமே அவருடைய முதன்மைக் கருவிகள்.

இந்தத் தேர்வு தற்செயலானது அன்று. தூரிகை, வரைபவனின் கையெழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பக்கம் இழுத்தான், எங்கே அழுத்தினான், எங்கே தயங்கினான் என்பதெல்லாம் அதன் தடத்தில் பதிந்துவிடும். உருளையோ வண்ணத்தை மெல்லிய ஏடாகப் பரப்பிவிட்டு, தான் வந்துபோன சுவடே இல்லாமல் நகர்ந்துவிடுகிறது. கத்தி அதற்கு எதிர்வேலை செய்கிறது. மேலிருக்கும் ஏட்டைச் சுரண்டி, அடியில் உறங்கும் வண்ணத்தை வெளியே கொண்டுவருகிறது. பூசுதல், வழித்தல், மீண்டும் பூசுதல். இப்படிப் பல ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. அவை கண்ணாடிபோல் மெலிதாக இருப்பதால், வெளியிலிருந்து விழும் ஒளி எல்லா ஏடுகளையும் ஊடுருவி, அடித்தளத்தின் வெண்மையில் பட்டுத் திரும்பி வருகிறது. அவருடைய ஓவியங்கள் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றுவதன் மருமம் இதுதான். அதில் மாயம் ஏதுமில்லை. கைத்திறன் உண்டு, கணக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை உண்டு.

பொறுமை என்று சொல்லும்போது தைலவண்ணத்தின் இயல்பையும் சொல்ல வேண்டும். நீர்வண்ணம் நீர் ஆவியானதும் உலர்ந்துவிடும். தைலவண்ணம் அப்படி உலர்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. ஓர் ஏடு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள்கள் ஆகும். தடிப்பாக இருந்தால் வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு அடுத்த ஏட்டைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். ஆகவே காய்தோண்டேயின் காத்திருப்பில் ஒரு பகுதி மனத்தின் காத்திருப்பு என்றால், மறுபகுதி எண்ணெயின் காத்திருப்பு. எண்ணெய் இறுகும் வேகத்துக்கு இசைவாகத் தம் மனத்தின் வேகத்தையும் அவர் தாழ்த்திக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு பலர் அந்த வேகக் குறைவைத் தடையாகக் கருதி, விரைவில் உலரும் செயற்கை வண்ணங்களுக்கு மாறினார்கள். இவருக்கு அந்தத் தடைதான் வேண்டியிருந்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. செய்தித்தாள்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் தாளை ஏதேதோ வடிவங்களில் கிழித்தும் வெட்டியும் எடுப்பார். ஈரம் காயாத வண்ணத்தின்மேல் அவற்றை வைத்து உருளையால் அழுத்துவார். பிறகு தாளை உரிப்பார். சில இடங்களில் தாள் வண்ணத்தைத் தன்னோடு எடுத்துச் சென்றிருக்கும். சில இடங்களில் தன் விளிம்பை மட்டும் பதித்துவிட்டுப் போயிருக்கும். யாரும் படிக்கவியலாத ஒரு மொழியின் எழுத்துகள் கல்லில் தேய்ந்து கிடப்பது போன்ற அடையாளங்கள் இப்படித்தான் அவர் ஓவியங்களில் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், 1960களில், சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் சாதகக் கட்டங்களையும் எண்களையும் எழுத்துகளையும் கொண்டு தம் சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவிய வரிசையை வரைந்துகொண்டிருந்தார் என்பது நினைவுக்கு வருகிறது. பணிக்கர் எழுத்திலிருந்து புறப்பட்டு அதன் பொருளைக் கழற்றினார். காய்தோண்டேயிடமோ தாளும் வண்ணமும் மோதிக்கொண்ட தற்செயலே எழுத்துப் போன்ற ஒன்றைப் பெற்றெடுத்தது. இருவரின் ஓவியங்களையும் அடுத்தடுத்துத் தொங்கவிட்டு யாரேனும் ஒரு கண்காட்சி நடத்தினால் நான் முதல் நாளே போய் நிற்பேன்.

தாளை உரிக்கும்போது என்ன வெளிப்படும் என்பது உரிப்பவருக்கே தெரியாது. தற்செயலுக்கு அவர் வேண்டுமென்றே இடம் கொடுத்தார். ஆனால் தற்செயலாக வந்ததையெல்லாம் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வந்ததைப் பார்த்துக்கொண்டு மீண்டும் அமர்ந்தார். இருக்கட்டும் என்று மனம் சொன்னால் இருக்கும். இல்லையென்றால் கத்தி வரும். உள்ளுணர்வு என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. உள்ளுணர்வை மின்னல் போல் பளிச்சிட்டு மறைவது என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். கித்தானைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்து வண்ணத்தைச் சொட்டவிட்ட அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் நிழற்படங்கள் அந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பிவிட்டன. காய்தோண்டேயிடம் மின்னல் இல்லை. வந்ததில் எது சரி என்று அறியும் கண் இருந்தது. அந்தக் கண் ஒரே நாளில் வாய்ப்பதன்று.

நம்மவர்க்கு இதை விளக்குவது எளிது. மேடையில் தோடியை அரைமணி நேரம் விரிக்கும் வித்துவான் எதையும் எழுதிவைத்துப் பாடுவதில்லை. அடுத்த பிடி எங்கே போகும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. அதை மனோதர்மம் என்கிறோம். ஆயினும் முப்பது ஆண்டுச் சாதகம் இல்லாதவருக்கு அந்த மனோதர்மம் கைகூடாது என்பதை நம் ரசிகர்கள் அறிவார்கள். பாட்டில் இதை ஒப்புக்கொள்ளும் நாம் ஓவியத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். என் வீட்டுக் குழந்தையும் இப்படிக் கிறுக்கும் என்று அருவ ஓவியத்தின் முன் நின்று சொல்லாதவர் அரிது. குழந்தை கிறுக்கும், ஐயமில்லை. எந்தக் கிறுக்கலை வைத்துக்கொள்ள வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் அமர்ந்து அது முடிவுசெய்யாது. இசைமீது காய்தோண்டேக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. இந்துஸ்தானி இசையையும் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் விரும்பிக் கேட்டார்.

தில்லி ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியம் ஒன்றின்முன் ஒருமுறை நெடுநேரம் நின்றிருந்தேன். முதல் ஐந்து நிமிடங்கள் எனக்கு ஒன்றும் நிகழவில்லை. பழுத்த இலையின் நிறத்தில் ஒரு பரப்பு, அதில் சில கறைகள், அவ்வளவே. கால் வலித்ததால் எதிரே இருந்த இருக்கையில் அமர்ந்தேன். பத்து நிமிடங்கள் கழிந்திருக்கும். மேலே மிதந்த கறை ஒன்று பின்னோக்கிப் போவது போலவும், அடியில் கிடந்த வெளிறிய பட்டை ஒன்று முன்னால் வருவது போலவும் தோன்றத் தொடங்கியது. உண்மையில் எதுவும் நகரவில்லை. ஏடுகளின் ஆழத்துக்கு என் கண் பழகியிருந்தது. அவர் காத்திருந்து வரைந்ததைப் பார்ப்பவனும் காத்திருந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அரைமணி நேரத்தில் அந்த ஓவியத்தைக் கடந்து சென்றவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். பலர் பெயர்ப்பலகையைப் படித்தார்கள். அதிலும் அவர்களுக்கு உதவி கிடைத்திராது. ஏனெனில் தம் முதிர்ந்த காலத்து ஓவியங்களுக்கு அவர் பெரும்பாலும் தலைப்பிடவில்லை. கையெழுத்தையும் முன்புறத்தில் இடாமல் பின்புறத்திலேயே இட்டார்.

ஜென் பௌத்தம் அவரை ஈர்த்தது. கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்தவரும், தம் வீட்டு மாடியில் அத்வைதம் பேசியவருமான நிசர்கதத்த மகராஜிடம் அவர் சென்று வந்தார். திருவண்ணாமலை ரமண மகரிஷியின் போதனையிலும் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். பேச்சைவிட மௌனத்தையே பெரிதும் நம்பிய ரமணரிடம் இந்த ஓவியர் எதைக் கண்டார் என்று தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தியான ஓவியங்கள் என்ற பெயரை ஒட்டிவிட்டால் பார்ப்பவரின் வேலை முடிந்துவிடுகிறது. பக்தியோடு ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் தெய்வத்தையோ சக்கரத்தையோ ஓங்காரத்தையோ வரையவில்லை. எந்தத் தத்துவத்துக்கும் விளக்கப்படம் போடவில்லை. மகான்களிடமிருந்து அவர் பெற்றது அமர்ந்திருக்கும் ஆற்றல் என்று கொள்வதே பொருத்தம். மீதியெல்லாம் உருளையும் கத்தியும் செய்தவை.

1962-இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்றை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மறுஆண்டே வாங்கியது. 1964-இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அந்நகருக்குச் சென்று தங்கினார். 1965-இல் அங்கே தனிக் கண்காட்சியும் நடந்தது. மார்க் ரோத்கோவைப் போன்றவர்களின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அது. அங்கேயே தங்கி வாழ்ந்துவிட்ட இந்திய ஓவியர்கள் உண்டு. இவர் திரும்பினார். 1968 வாக்கில் அவர் ஓவியங்களில் ஒரு மாறுதல் வந்தது. அதுவரை கிடந்த கித்தான் எழுந்து நின்றது. கிடைமட்ட வடிவத்தைக் கைவிட்டு, ஆள் உயரத்துக்கு நெருங்கிய செங்குத்து வடிவத்தை ஏற்றார். கிடந்த வடிவம் நிலக்காட்சியை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். நிற்கும் வடிவம் எதிரே நிற்கும் மனிதனுக்கு நிகராக நிற்கிறது. அதன்பின் பெரும்பாலும் அந்த வடிவத்தைவிட்டு அவர் மாறவில்லை.

1971-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் பம்பாயை விட்டுத் தில்லிக்குச் சென்றார். நிஜாமுதீன் கிழக்கில் ஒரு மொட்டைமாடிக் குடியிருப்பு. வடநாட்டில் பர்சாத்தி என்பார்களே, அது. வீடும் பணியறையும் அதுவே. ராம் குமார், கிருஷ்ண கன்னா போன்ற நெருங்கிய சிலரைத் தவிர அதிகம் பேரை அவர் சந்திக்கவில்லை. விழாக்களுக்குப் போவதில்லை, தம் ஓவியத்தை விளக்கிப் பேசுவதில்லை. தாம் நல்ல ஓவியர் என்பதில் மட்டும் அவருக்குத் துளியும் ஐயம் இருந்ததில்லை. அதைச் செருக்கு என்று சிலர் சொன்னார்கள். அந்த உறுதி இல்லாத ஒருவரால், விற்பனையும் பாராட்டும் பின்னே தள்ளிநிற்க, ஒரு கித்தானின் எதிரே வாரக்கணக்கில் அமர்ந்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த மாடியில் பிறந்த 1970களின் ஓவியங்களே அவருடைய உச்சம் என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுவே.

விலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அதுவாகவே இருக்கும். 2013 டிசம்பரில் மும்பையில் நடந்த ஏலத்தில் அவருடைய 1979-ஆம் ஆண்டு ஓவியம் 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. 2021-இல் மற்றொன்று 39.98 கோடிக்கு விற்றது. அவர் இருந்த காலத்தில் இதில் ஒரு சிறு துளியும் அவர் கண்ணில் படவில்லை. 2014 அக்டோபரில் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவர் படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி நடத்தியது. அடுத்த ஆண்டு அது வெனிஸ் நகருக்கும் சென்றது. ஏலக்காரர்களுக்கு அவர் குறைவாக வரைந்தது பெரும் வசதி. அரிய சரக்குக்குக் கிராக்கி அதிகம். குறைவாக வரைந்ததன் காரணத்தைப் பற்றி ஏலக்கூடத்தில் யாரும் கவலைப்படத் தேவையில்லை.

1984-இல் ஒரு சாலை விபத்து. அறுபதை எட்டிய உடலுக்கு அது பேரிடி. பெரிய கித்தானின் முன் நின்று உருளையை இழுக்கவும், தோள் அசையக் கத்தியால் வழிக்கவும் உடல் வலிமை வேண்டும். அது போயிற்று. சில ஆண்டுகள் அவர் கித்தான் பக்கமே வரவில்லை. அந்த இடைவெளியில் சிறிய தாள்களில் மையால் கோடுகள் வரைந்தார். படிக்கவியலாத எழுத்துகள் போன்ற அவை, பார்ப்பதற்குக் கடிதத்தின் வரிகள் போல இருக்கின்றன. வண்ணமில்லை, ஏடுகளில்லை, ஒளியில்லை. அவற்றை அவருடைய சிறந்த படைப்புகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓவியரின் கையைத் தனியாகப் பார்க்கக் கிடைப்பது அங்கேதான். வாழ்நாளெல்லாம் உருளையின் பின்னே மறைத்துவைத்த தம் கையெழுத்தை, உடல் தளர்ந்தபோது அவர் வெளியே விட வேண்டியதாயிற்று.

1980களின் இறுதியில் மீண்டும் கித்தானுக்குத் திரும்பினார். மத்தியப் பிரதேச அரசின் காளிதாஸ் சம்மான் விருதும் அப்போது கிடைத்தது. 1990களின் ஓவியங்கள் சிலவே, முந்தையவற்றைவிட எளியவை, பரப்பில் நிகழ்வன இன்னும் குறைந்திருக்கின்றன. 1998-க்குப் பிறகு அவையும் நின்றன.

ஏன் வரையவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஓவியங்களை இன்னும் உருவாக்கிக்கொண்டுதான் இருப்பதாகவும், அவை தம் தலைக்குள் உருவாவதாகவும், எஞ்சியிருக்கும் கொஞ்ச வலிமையைக் கித்தானில் வண்ணம் வைப்பதில் செலவழிக்க மனமில்லை என்றும் அவர் கூறினார். நோயாளியின் ஆறுதல் பேச்சு என்று இதைக் கொள்ள இடமுண்டு. முதலில் நானும் அப்படித்தான் எண்ண விரும்பினேன். வரையப்படாத ஓவியத்தை ஓவியம் என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் இடந்தரவில்லை. வண்ணமும் எண்ணெயும் தாளும் எதிர்த்து நின்றதால்தானே அவருடைய உள்ளுணர்வுக்கு வேலை கிடைத்தது? தலைக்குள் எண்ணெய் இறுகுமா, தாள் கிழியுமா, எதிர்பாராத கறை ஒன்று வந்து விழுமா? அதே வேளையில், ஐம்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவர். கை செய்த வேலை ஆண்டில் சில வாரங்களே. மற்ற நாள்களிலெல்லாம் ஓவியம் நிகழ்ந்தது அவர் பார்வையிலும் மனத்திலும்தான். அந்த வேலை 1998-இல் நின்றுவிட்டது என்று அறுதியிட்டுச் சொல்லும் துணிவும் எனக்கில்லை.

2001 ஆகஸ்டு 10 அன்று, தில்லியை அடுத்த குர்காவ்னில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 76. கித்தானைக் கடைசியாகத் தொட்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.